பின்லாந்து படம் ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை

1. கை வைத்தது

படம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாமல் நான் விழித்தது ஆபரேட்டர் வேலையில் ஒரே ஒரு நாள்தான். இரும்புலியூரில் ஒரு காலனி ஹால். ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி ஷோ.

அதற்கு முன்னால் ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு தியேட்டரில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். ஒன்பது மாதம் வீட்டில் இருந்தேன். கூடுவாஞ்சேரியில் ஒரு கடைக்கு செக்யூரிட்டியாகக் கூப்பிட்டார்கள். போனேன். நாற்காலி போட்டார்கள். எதிரே சுவர். இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டேன். எனக்குப் படம் ஓட்டுவது தவிர வேறு ஒன்றும் தெரியாது.

இரும்புலியூர் ஹாலில் எலக்ட்ரீஷியன் தாமு. என் தங்கையைக் கட்டியவன். காலனிக்காரர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் போடுகிறார்கள், ஓட்ட ஆள் வேண்டும் என்று அவன்தான் சொன்னான். அதற்குச் செயலாளர் வசந்தா மேடம். டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

“இன்னைக்கு ஒரு ஷோ ஓட்டுங்கண்ணா. நல்லா போச்சுன்னா மாசாமாசம் நீங்கதான்” என்றார்.

“முதல்ல ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கறேன் மேடம்.”

“நேரமில்ல. எல்லாரும் வந்தாச்சு.”

மேஜைமேல் சின்ன புரொஜெக்டர், பக்கத்தில் லேப்டாப், நடுவில் ஒரு வயர். முப்பது பேர் இருந்தார்கள். படத்தின் பெயர் நோட்டீசில் இருந்தது. என் வாயில் நுழையவில்லை. பின்லாந்து படம், காமெடி என்றார்கள்.

கறுப்பு கோட்டு போட்ட நாலு பேர். ஒரு பாட்டுக் கோஷ்டி. பழைய வேன். கூரைமேல் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய தந்தி வாத்தியம் கட்டியிருந்தது. ஊர் ஊராகப் போகிறார்கள். போகிற ஊரிலெல்லாம் கச்சேரி நேற்றே முடிந்திருக்கிறது, இல்லாவிட்டால் நாளைக்கு இருக்கிறது. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வேனில் ஏறுகிறார்கள். யாரும் கோபப்படவில்லை. யாரும் பேசவும் இல்லை.

“இன்னா மச்சான், ஒர்த்தனும் சிரிக்க மாட்றான்? காமெடின்னாங்க?” என்றான் தாமு.

“அவங்க சிரிக்காததுதான் காமெடியாம். மேடம் சொன்னாங்க.”

“எவனாவது செத்துட்டானா?”

“தெர்ல. கீழ இங்கிலீஷ்ல வருது. நீ படி.”

“படிக்கத் தெரிஞ்சா நான் ஏன்டா கம்பத்துல ஏர்றேன்?”

இருபது நிமிஷம் போயிருக்கும். நாலு பேரும் ஒரு முச்சந்தியில் வேனுக்குப் பக்கத்தில் நின்றார்கள். வழி தெரியவில்லை போலிருக்கிறது. கை கால் அசையவில்லை. சத்தமும் இல்லை.

ஃபிலிம் காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஃபிலிம் சிக்கி மிஷினில் நின்றுவிட்டால் பின்னால் இருக்கிற வெளிச்சம் அதைப் பொசுக்கிவிடும். திரையில் நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு வரும், அது விரிந்து ஓட்டையாகும். அதற்குள் வெளிச்சத்தை மறைக்க வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் கை போய்விட வேண்டும். பிறகு டிஜிட்டல் வந்தது. கைப் பழக்கம் மாறவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. என் கை லென்ஸை மூடிவிட்டது. ஹால் இருட்டாகிவிட்டது.

தியேட்டராக இருந்தால் விசில் பறந்திருக்கும். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. வசந்தா மேடம் மட்டும் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார்.

“என்னண்ணா பண்றீங்க?”

“படம் நின்னுட்ச்சு மேடம். எரிஞ்சுடும்.”

“பென் டிரைவ்ல எதுண்ணா எரியும்? படம் நிக்கல. அவங்கதான் நிக்கறாங்க. அப்படித்தான் எடுத்திருக்காங்க.”

கையை எடுத்தேன். நாலு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு ஒருவன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

“இனிமே நீங்க கை வைக்கவே கூடாது. இன்னொரு தடவை வச்சீங்கன்னா அடுத்த மாசம் வேற ஆளைத்தான் பார்க்கணும்” என்று மேடம் மெதுவாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை.

2. கை வைக்காதது

அதற்குப் பிறகு நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன்.

வேன் பனியில் போனது. ஒரு ஊரில் கச்சேரி என்று நினைத்துக் கல்லறையில் ஒரு அடக்கத்துக்குப் போய் வாசித்தார்கள். அங்கே யாரும் தடுக்கவில்லை. முடிந்ததும் இறந்தவரின் மனைவி வந்து கை கொடுத்தார். முன்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பா துக்கமா என்று பிடிபடவில்லை. வாசித்து முடித்தபின் அவர்கள் வயர்களை வளையமாகச் சுற்றிக் கட்டியது மட்டும் புரிந்தது. சுத்தமான வேலை.

பிறகு வேன் ரோட்டோரம் நின்றது. டிரம் அடிக்கிறவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். வெளியே பனி. அவன் முகம் அப்படியே இருந்தது.

நான் எண்ணவில்லை. எண்ணினால் கை போய்விடும்.

ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. அவன் கண் சிமிட்டவில்லை. நடிகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு இப்படி இருக்க முடியுமா என்று நினைத்தேன். ஃபிலிம் மிஷினாக இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். லேப்டாப்புக்கு ஓடினாலும் ஒரே சத்தம், நின்றாலும் ஒரே சத்தம். ஹாலில் ஃபேன் வேறு இரைந்தது.

மூன்றாவது வரிசையில் பத்மநாபன் சார் சிரித்தார். காலனியில் முக்கியமான ஆள், எல்லாப் படத்துக்கும் வருகிறவர். அவர் சிரித்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு வந்ததிலேயே பெரிய சிரிப்பு அதுதான்.

“டைரக்டருக்கு என்ன தைரியம் பாருங்க!” என்றார் பத்மநாபன் சார்.

அவர் மனைவி, “எனக்கு ஒண்ணும் புரியல. எதுக்கு சிரிக்கறீங்க?” என்றார்.

“புரியணும்னு இல்லம்மா. ஃபீல் பண்ணு.”

அப்போதுதான் பனியைப் பார்த்தேன். பஞ்சு மாதிரி ஒரு துண்டு, டிரம்காரன் மூக்குக்கு நேராக, கண்ணாடிக்கு வெளியே இருந்தது. கீழே விழவில்லை. அந்தரத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதுவும் நின்றது.

ஆள் அசையாமல் இருக்கலாம். பனி எப்படி அந்தரத்தில் நிற்கும்?

தாமுவிடம் காட்டினேன். அவனும் பார்த்தான்.

“நின்னுதான் போச்சு” என்றான். “வுட்றா. சிரிச்சுகினுதானே கீறாங்க? நல்லாத்தான் போயிகினு கீது.”

“நின்னுபோன படம்டா.”

“கை வெச்சா உன்ன தொரத்திடும் அந்தம்மா. கம்முனு இரு. தானா வந்தா வருது.”

அவன் சொன்னது நியாயம். மேடத்தையும் பார்த்தேன். முன்வரிசையில் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை படித்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கு என்ன தெரியும் என்றும் தோன்றியது. பின்லாந்தில் பனி அப்படித்தான் நிற்குமோ என்று ஒரு நொடி நினைத்தேன். நான் பனி பார்த்ததில்லை.

தியேட்டரில் படம் நின்றால் ஜனங்களே சொல்லிவிடுவார்கள். இங்கே யாரும் சொல்லப்போவதில்லை. எழுந்து லைட்டைப் போட்டேன்.

3. லைட் போட்டது

முப்பது பேரும் திரும்பினார்கள்.

“படம் நின்னுட்ச்சு. அஞ்சு நிமிஷம் இருக்கும்” என்றேன்.

வசந்தா மேடம் முகம் சிவந்தது.

“ஏண்ணா, நான்தான் சொன்னேனே...”

“பனி விழல மேடம்.”

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். லைட் வெளிச்சத்தில் மங்கலாக டிரம்காரன் இருந்தான். மூக்குக்கு நேராகப் பனியும் இருந்தது. மேடம் பக்கத்தில் போய்ப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

பத்மநாபன் சார் எழுந்தார். “அப்ப நான் எதுக்குய்யா சிரிச்சேன்?”

“அதைத்தானே நானும் கேட்டேன்” என்றார் அவர் மனைவி.

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். படம் விட்ட இடத்தை யாரிடமும் கேட்கவில்லை. வேன் நிற்பது, டிரம்காரன் திரும்புவது, அங்கேயே பிடித்துவிட்டேன். லைட்டை அணைத்தேன்.

அவன் மறுபடி கண்ணாடி வழியாகப் பார்த்தான். இந்தத் தடவையும் அசையவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே அப்படி இருந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஹால் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

“ஓடுதா?” என்றார் பத்மநாபன் சார்.

“ஓடுது சார். பனி விழுது.”

கடைசியில் அந்தக் கோஷ்டி சரியான நாளில் சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஊர் ஹாலில் யாரும் இல்லை. பெருக்குகிற அம்மாள் மட்டும் இருந்தாள். அவர்கள் வாசித்தார்கள். அவள் கொஞ்ச நேரம் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு காலைத் தூக்கச் சொல்லி, அவர்கள் நின்ற இடத்தையும் பெருக்கினாள். ஒவ்வொருவனும் வாசிப்பை விடாமல் ஒற்றைக் காலைத் தூக்கினான். அதற்கு நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஹாலில் என் சத்தம் மட்டும் கேட்டது. தியேட்டர் மூடுகிறதுக்கு முந்தின வாரம் நாலு பேருக்கு நான் ஷோ ஓட்டியிருக்கிறேன். அதனால் இருக்கலாம்.

4. அதற்குப் பிறகு

எல்லோரும் போனபின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வேலை போனது என்றுதான் நினைத்தேன். மேடம் வந்து நின்றார்.

“எல்லாரும் ரசிச்சுட்டுதானே இருந்தாங்க. சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல?”

“இருந்திருக்கலாம் மேடம்.”

“கை வச்சா வேலை இல்லைன்னு வேற சொல்லியிருந்தேன்.”

“ஆமா மேடம்.”

வயரின் மறுமுனையை எடுத்துக் கொடுத்தார்.

“முப்பது பேர் இருந்தோம். ஒருத்தருக்கும் தெரியல” என்றார். “அடுத்த மாசம் ஒரு நாள் முன்னாடியே வந்து படத்தைப் பார்த்துடுங்கண்ணா.”

அப்படித்தான் இப்போதும் செய்கிறேன். சனிக்கிழமை தனியாக ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஒரு தடவை. கதை புரிவது பாதிதான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஹாலில் எத்தனை படித்தவர்கள் இருந்தாலும், படம் ஓடுகிறதா இல்லையா என்பது ஆபரேட்டர் பொறுப்பு. அவர்கள் முகத்தைப் பார்த்து அதை முடிவு செய்யக் கூடாது. திரையில் அசைய வேண்டியது எது என்று பார். அது அசையாவிட்டால் லைட்டைப் போடு.

பத்மநாபன் சார் இப்போது கடைசி வரிசையில், என் மேஜைக்குப் பக்கத்தில் உட்காருகிறார். திரையில் யாராவது ரொம்ப நேரம் அசையாமல் இருந்தால் என் பக்கம் திரும்புகிறார். நான் தலையாட்டுகிறேன். அதற்குப் பிறகு சிரிக்கிறார்.