மிட்சுயோவின் மஞ்சள் பலகைக்குத் தகுதிச் சோதனை

இவனாஷி பனிச்சறுக்கு மலையில் இருப்பவை கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மேலே ஏற்றும் இரண்டு லிஃப்டுகள், ஒரு கறிச்சோற்றுக் கடை, ஒரு செகினே மிட்சுயோ. காற்றடித்தால் லிஃப்டுகள் நிற்கும். சமையல்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் கடை நிற்கும். மிட்சுயோ மட்டும் முப்பத்து மூன்று குளிர்காலங்களில் ஒருநாளும் நின்றதாகத் தகவல் இல்லை.

அந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. தொழில், நகராட்சிப் பள்ளிகளின் பொதுச் சமையற்கூடத்தில் அறுநூறு பிள்ளைகளுக்கு மிசோ சூப் கிளறுவது. அகப்பை என்று அவர்கள் சொல்லும் பொருளை வைத்து ஏரியில் படகு ஓட்டலாம். அதனால் உண்டான தோள்களைப் பார்த்தவுடன், வாக்குவாதத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வாதத்தை மனதுக்குள் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்வார்கள். 1991-இல், கல்யாணத்துக்கு அலமாரி வாங்கு என்று அம்மா கொடுத்த நெருக்கடியை மீறி, முதல் போனஸில் அவர் பனியில் சறுக்கும் பலகை ஒன்றை, ஒரு மஞ்சள் ஸ்னோபோர்டை, வாங்கினார். கல்யாணம் அலமாரி இல்லாமலே நடந்தது. கணவர் ஹிசாஷி இன்றுவரை தம் சட்டைகளை அட்டைப் பெட்டியில்தான் வைத்துக்கொள்கிறார்.

பலகை ஒல்லி, நீளம், விறைப்பு. இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல், ஒரு பக்கம் கொஞ்சம் பின்வாங்கியிருக்கும். தையற்காரர் வெட்டும்போது தும்மிவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். அந்தக் காலத்தில் அதுதான் விஞ்ஞானம். ஐந்தாறு வருடங்களில் விஞ்ஞானம் மனதை மாற்றிக்கொண்டது. மிட்சுயோவுக்கு அதை யாரும் தெரிவிக்கவில்லை. பலகைக்குத் துணையாக, நாலு கொக்கி வைத்த கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸ். மற்றவர்களெல்லாம் மெத்து மெத்தென்ற பூட்ஸுக்கு மாறி இருபது வருடமாகிறது.

லிஃப்ட் வரிசையில் தொளதொள கால்சட்டைக்காரன் ஒருவன் ஒருமுறை கேட்டான்: “அக்கா, இஸ்திரிப் பலகைய மறந்துபோய்த் தூக்கிட்டு வந்துட்டீங்க போல?”

“மறக்கலப்பா. உன் பேன்ட்டு கசங்கிக் கெடக்குன்னு சொன்னாங்க. அப்படியே படு, தேய்ச்சு விடறேன்.”

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. இரவில் வண்டி வந்து பனியை அழுத்தி, சீப்பால் வாரியது போல் வைத்துவிட்டுப் போகும். காலையில் முதலில் இறங்குகிறவரின் தடம் அதில் தனியாகத் தெரியும். லிஃப்டோ அந்தச் சரிவுக்கு நேர் மேலே போகிறது. ஆகவே மேலே போகிறவர்கள் எல்லோரும் நீதிபதிகள். பலகையை விளிம்பில் சாய்த்து, வழுக்காமல் வெட்டிக்கொண்டு வந்திருந்தால் மெல்லிய ஒற்றைக் கோடு விழும், அது ‘பென்சில்’. இடையில் வழுக்கியிருந்தால் பனி அகலமாக இழுபட்டிருக்கும், அது ‘துடைப்பம்’. துடைப்பம் போட்டவரை அன்று முழுக்கத் துடைப்பம் என்றே கூப்பிடுவோம். வங்கி மேலாளருக்கும் புத்த கோயில் குருக்களுக்கும் விலக்கு கிடையாது. மிட்சுயோவை அப்படி அழைக்கும் வாய்ப்புக்காக நாங்கள் முப்பது வருடமாகக் கழுத்து வலிக்கக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த மலையை டோக்கியோ நிறுவனம் ஒன்று வாங்கியது. நிஷிவாகி என்ற முப்பத்து நாலு வயது மேனேஜரை அனுப்பியது. நல்ல மனிதர், கதவுக்குக்கூடக் குனிந்து வணக்கம் சொல்வார். அவர் டிக்கெட் கவுண்டர் அருகே ஓர் அறிவிப்பை ஒட்டினார்: “தயாரிக்கப்பட்டு இருபது ஆண்டுகள் கடந்த உபகரணங்கள், நிபுணரின் சோதனையில் தேறினாலன்றி லிஃப்டில் அனுமதிக்கப்படா.” காரணமும் நியாயமானதே. பழைய பிளாஸ்டிக் பூட்ஸ் உள்ளுக்குள் ஈரம் குடித்து நைந்து, பாதிச் சரிவில் நொறுங்கிவிடுவது உண்டு.

மிட்சுயோ அறிவிப்பை இரண்டு முறை படித்தார்.

“மேனேஜர் சான், இது என்னைப் பத்தி எழுதினதா?”

“ஐயையோ, இல்லீங்க. பொதுவான விதி.”

“பொதுவா எத்தன பேரு?”

நிஷிவாகி கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். “இப்போதைக்கு... ஒருத்தருங்க.”

நிபுணராக நியமிக்கப்பட்டவர் பல் மருத்துவர் ஹமுரோ. மற்றவர்களுக்கெல்லாம் மரியாதைக்கு ஒரு ‘சான்’ போதும், டாக்டர் என்பதால் அவர் மட்டும் ஊருக்குச் ‘சென்செய்’. அவர் வீட்டின் குளிரூட்டிய அறையில் நாற்பத்து மூன்று பழைய பலகைகள் சுவரில் தொங்குகின்றன. பதினொரு ஜோடி பழைய பூட்ஸ், ஒருமுறைகூடக் கால் படாமல், பாலித்தீன் பையில் காற்றுப் புகாதபடி கட்டி, வாங்கிய பெட்டியிலேயே உறங்குகின்றன. வெள்ளைக் கையுறை இல்லாமல் அந்த அறைக்குள் அவர் மனைவியே போக முடியாது. நாற்பத்து நாலாவது ஆணி ஒன்று மட்டும் சும்மா இருந்தது. மஞ்சள் பலகையை அவர் மூன்று முறை கேட்டிருந்தார்.

“மிட்சுயோ சான், அது தேய வேண்டிய பொருள் இல்ல. பாக்க வேண்டிய பொருள்” என்றார் இப்போதும்.

“பல்லையும் அப்படித்தான் சொல்வீங்களா, சென்செய்? மெல்லாம வெச்சுப் பாத்துக்கிட்டே இருங்கன்னு?”

“சிரிங்க, சிரிங்க. ஞாயித்துக்கெழம சோதனையில தேறலேன்னா லிஃப்டுல ஏத்த மாட்டாங்க. அப்புறம் அத வெச்சு என்ன செய்வீங்க? என் சுவத்துல எடம் ரெடி. வெளக்குகூடப் போட்டாச்சு.”

மிட்சுயோ பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாத சம்பவம் எங்கள் ஊரில் அதற்கு முன் பதிவானதில்லை. கறிச்சோற்றுக் கடையில் அன்று யாரும் இரண்டாவது தட்டு கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் பூட்ஸை எடுத்து வைத்துக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். இது மூன்றாவது ஜோடி. முந்தைய இரண்டும் காலிலேயே உயிரை விட்டவை. அந்த இரண்டு இழவுகளிலிருந்து அவர் கற்றுக்கொண்டதெல்லாம் இதுதான்: பூட்ஸுக்குக் காற்று வேண்டும், நடமாட்டம் வேண்டும். ஆகவே வீட்டிலேயே காற்றோட்டமான அறை, முன்னோர் படங்கள் மாட்டிய பூஜை அலமாரி அறை, பூட்ஸுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மாமனாரும் மாமியாரும் படத்திலிருந்து வருடம் முழுக்கப் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் இருவரும் வெளியூர் போய்ப் பன்னிரண்டு வருடமாகியும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். ஹிசாஷி மெல்ல ஆரம்பித்தார்.

“ஏம்மா, தேறலேன்னா புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே?”

“வாங்கலாம்ப்பா. இருவது வருசம் தாண்டின எல்லாத்தையும் மாத்திடலாம். மொதல்ல யார்லேர்ந்து ஆரம்பிக்கறது?”

ஹிசாஷி எழுந்துபோய், யாரும் கேட்காமலே, விளிம்பு தீட்டும் அரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிறு காலை, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது. சரிவு வாரிவிட்ட தலை போலக் கிடந்தது. ஊரே ஏழரை மணிக்குச் சரிவின் உச்சியிலும் லிஃப்ட் நாற்காலிகளிலுமாகக் கூடிவிட்டது. ஹமுரோ சென்செய் வெள்ளைக் கையுறையும், தோளில் தம் பலகையும், கக்கத்தில் ஒரு பெட்டியுமாக வந்தார். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியால் மஞ்சள் பலகையின் விளிம்பு முழுவதையும் பார்த்தார். சொத்தை கிடைக்கவில்லை. பூட்ஸைப் பார்த்தார்.

“நிறம் போயிருக்கு. கொக்கி மாத்தியிருக்கு. கீறல் அறுபதுக்கு மேல. இது அசல் நிலைமையே இல்ல.”

“நானும்தான் அசல் நிலைமையில இல்ல, சென்செய். ஓட்டிப் பாத்துத்தான சொல்லணும்?”

“ஓட்டத்தான் போறோம். நான் மொதல்ல எறங்கறேன். பனியில நான் போட்ட கோட்டுமேலயே நீங்க வரணும். ஒரு எடத்துல வழுக்கினாலும் தேறலேன்னுதான் எழுதுவேன்.” பெட்டியைத் திறந்தார். “முறையா பாதுகாத்தா அந்தக் காலத்துப் பொருள் எப்படி இருக்கும்னு எல்லாரும் ஒருதடவ பாக்கட்டும்.”

பாலித்தீனுக்குள்ளிருந்து வெளிவந்த பூட்ஸ் அப்படிப் பளபளத்தது. மிட்சுயோவின் பூட்ஸ் போலவே அதே 1989 ரகம். கூட்டம் ஆவென்றது. மிட்சுயோ மட்டும் முகத்தைச் சுளித்தார்.

“சென்செய், அத எப்போ பையிலேர்ந்து எடுத்தீங்க?”

“இப்போதான். முப்பத்தஞ்சு வருசத்துல மொத தடவ.”

“நான் சொல்றதக் கேளுங்க. கணுக்கால் பக்கம் கட்டவிரலால ஒருதடவ அழுத்திப் பாருங்க.”

“யார் யாருக்குச் சோதனை வைக்கறது?” என்று கேட்டபடி கொக்கிகளை மாட்டினார் நிபுணர்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவருடைய முதல் வளைவு பிரமாதம். பலகை சாய்ந்தது, பனி கிழிந்தது, மெல்லிய ஒற்றைக் கோடு விழுந்தது. “பென்சில்!” என்று லிஃப்டிலிருந்து யாரோ சொல்லவும் செய்தார். இரண்டாவது வளைவின் நடுவே அரிசி அப்பளத்தை மிதித்தாற்போல் ஒரு சத்தம். முன்காலின் பூட்ஸ் பதினேழு துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த திசையில் புறப்பட்டது. சென்செய் பின்காலோடு மாட்டிக்கொண்ட பலகையையும் இழுத்துக்கொண்டு, மல்லாந்தபடி சரிவை வெகுதூரம் துடைத்துக்கொண்டே போய் வலைத் தடுப்பில் நின்றார்.

“எனக்கு ஒண்ணுமில்ல!” என்றார், யாரும் கேட்பதற்குள்.

நிஷிவாகி கையிலிருந்த படிவத்தை மடித்தார். “மிட்சுயோ சான், சோதனைய இன்னொரு நாள்...”

“அவர் எறங்கியாச்சு. இப்போ என் முறை.”

கவனியுங்கள், நிபந்தனை இன்னும் அப்படியே இருந்தது. நிபுணரின் கோட்டின் மேலேயே வர வேண்டும். அந்தக் கோடோ ஒன்றரை வளைவில் முடிந்து, அதற்குக் கீழே பாய் விரித்தது போல வழுக்கல். அதன்மேல் பிளாஸ்டிக் சில்லுகள். சில்லின்மேல் விளிம்பு ஏறினால் பலகை பிடி விட்டுவிடும். அதோடு லிஃப்ட் கனவும் முடிந்து, நாற்பத்து நாலாவது ஆணியில் விளக்கு எரியத் தொடங்கும்.

மிட்சுயோ புறப்பட்டார். முதல் வளைவு, சென்செய் போட்ட அதே கோட்டுக்குள், தண்டவாளத்தில் ரயில் போவது போல. இரண்டாவதில் கோடு அறுந்த இடத்துக்கு வந்ததும், நாங்கள் கழுத்தை நீட்டினோம். அவர் நிமிரவில்லை. இன்னும் சாய்ந்தார். தோள் பனிக்கு ஒரு சாண் உயரத்தில், கையுறையின் முட்டி பனியைத் தடவிக்கொண்டு போக, அந்தத் தும்மல் பலகை சில்லுக் குவியலுக்கு உள்பக்கமாக, சென்செய் போக நினைத்ததைவிடச் சின்ன வட்டமாக வெட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு துளி பனிகூட இழுபடவில்லை.

அதற்குப் பிறகு பின்பற்ற யாருடைய கோடும் இல்லை. மிட்சுயோ தம்முடைய கோட்டைப் போட்டார். இந்தப் பக்கம் படுத்தார், அந்தப் பக்கம் படுத்தார், சரிவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டார். லிஃப்ட் இயக்குபவர் விதிகளுக்கு மாறாக வேகத்தைக் குறைத்தார், எல்லோரும் பார்க்கட்டும் என்று. மேலே தொங்கிய நாற்காலிகளில் எண்ணத் தொடங்கினார்கள். பதினொன்று. பன்னிரண்டு. தொளதொள கால்சட்டைக்காரர்கள்தான் இருப்பதிலேயே உரக்க எண்ணினார்கள். பத்தொன்பதாவது வளைவு டிக்கெட் கவுண்டரின் வாசலில் முடிந்தது. மொத்த மலையும் “பென்சில்!” என்று கத்தியதில் கடைக் கூரையிலிருந்து பனி சரிந்து, வெளியே நின்ற சமையல்காரரின் தொப்பிமேல் விழுந்தது.

ஹமுரோ சென்செய் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் உள்ளுறையுமாக நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குள் லிஃப்டிலேயே கீழே வந்துவிட்ட நிஷிவாகி இரண்டு கைகளாலும் மரியாதையாகப் படிவத்தை நீட்டினார். ‘பூட்ஸின் நிலை’ என்ற கட்டத்துக்கு எதிரே சென்செய் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ‘தேர்ச்சி’ என்று எழுதினார். கையெழுத்து மருந்துச் சீட்டில் இருப்பதைவிடத் தெளிவாகவே இருந்தது.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றார் தணிந்த குரலில். “மீதி பத்து ஜோடியும் இப்படித்தான் ஆயிருக்குமா?”

“பைய அவுத்தாத்தான் தெரியும், சென்செய். அடுத்த ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. நான் அழுத்திப் பாக்கறேன். தேறினதப் போட்டுக்கிட்டு நீங்க எறங்குங்க. அந்த மொத வளைவு நல்லா இருந்துச்சு, பொய் சொல்லல.”

சென்செய் வெள்ளைக் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரி என்று தலையாட்டினார்.

“மிட்சுயோ சான், ஒரு நிமிசம், முத்திரை வைக்கணும், ரெண்டு பிரதியில” என்று நிஷிவாகி பின்னாலேயே ஓடினார்.

“மத்தியானம் வெச்சுக்கலாம், மேனேஜர் சான். ஒம்போது மணி பஸ்ஸு வந்துட்டா பனியில எழுத எடம் இருக்காது.”

லிஃப்ட்காரர் தடுப்புக் கம்பியை ஏற்கனவே தூக்கிப் பிடித்திருந்தார். மிட்சுயோ உட்கார்ந்தார். மஞ்சள் பலகை காலில் தொங்க, நாற்காலி அவரை மேலே கொண்டுபோனது.