பெயர் வைக்காத பிள்ளை

அண்ணியை நினைத்தால் சமையலறை மேசையை மூடிக் கிடந்த அந்தப் பெரிய தாள்தான் முதலில் கண்ணில் வருகிறது. முழங்கால் வலியால், கனடாவில் பார்த்துவந்த பிறம்ரன் வேர்ஹவுஸ் வேலையை விட்டபிறகு, வெக்ஸ்போர்ட்டில் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த வரலாற்று வகுப்பொன்றில் அவர் சேர்ந்திருந்தார். பழைய ரோமில் வாழ்ந்த ஒரு செனற்றரின் குடும்ப உறவுகளை வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். மூன்று மனைவியர், தத்தெடுத்த தங்கை மகன், அரசியல் பகை தீர்க்கக் கட்டிக்கொடுத்த மகள் என எல்லாரையும் அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து இணைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் பேசுவதில் அந்த ஆள் எங்கள் ஊராரை வென்றுவிட்டார் என்று சிரித்தார்.

தாளின் ஓரத்தில் ஒரு வட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“இது ஆர் அண்ணி?”

“செனற்றரின்ரை மூத்த பிள்ளை. ஆறு நாள்தான் இருந்தது. அவையள் பொம்பிளைப் பிள்ளையளுக்கு எட்டாம் நாள்தான் பேர் வைக்கிறவை.”

“பேரே இல்லையெண்டால் ஏன் போடுறியள்?”

அண்ணி பென்சிலைக் கீழே வைத்தார். “பேரில்லாட்டிப் பிள்ளை இல்லையோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அண்ணைக்கும் அண்ணிக்கும் பிறந்த முதற்குழந்தை, எங்கள் வழக்கப்படி முப்பத்தொன்றாம் நாள் பெயர் வைக்குமுன்னரே, இருபதாம் நாள் இறந்துபோனது. நான் முன்னரே கனடா வந்துவிட்டிருந்தேன். அண்ணை அதைக் கடிதத்தில் ஒற்றை வரியில் எழுதியிருந்தார். என் பதிலில் அவர்களை இங்கே அழைப்பதற்கான ஸ்பொன்சர் பத்திரங்களைப் பற்றி மட்டுமே எழுதினேன். அதன்பின் அந்தக் குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அன்றும் நான் வேறு கதைக்குத் தாவினேன்.

போன மாசியில் அண்ணி போய்விட்டார். மரண அறிவித்தலை நான்தான் தட்டச்சு செய்தேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் அன்புத் தாயார் என்று உறவுகளை அடுக்கிக்கொண்டு போகையில், பக்கத்தில் இருந்த அண்ணை திரையைத் தொட்டார்.

“மகனுக்கு முன்னாலை ‘காலஞ்சென்ற இசைவாணி’ எண்டு போடு.”

அப்படியே போட்டேன்.

அஜக்ஸிலிருந்து வந்த அண்ணையின் மகன் அதை வாசித்துப் பார்த்தான். “சித்தப்பா, இதில ஒரு மிஸ்ரேக் இருக்கு. நான் ஒன்லி சைல்ட்தானே.”

“இல்லைத் தம்பி,” என்றார் அண்ணை. “நீ ரெண்டாவது.”

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். மகன் அந்த வரியை மறுபடி வாசித்தான்.

“இந்தப் பேர் அம்மாக்குத் தெரியுமா, அப்பா?”

“முப்பத்தொண்டு அண்டைக்குச் சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான்,” என்றார் அண்ணை. “பிறகு அவ கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.”