வால்வு சீலுக்கு வைத்த குங்குமம்

என் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. காலையில் புல்லட்டை வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்யாமல், தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கே உதைக்க வேண்டும். அறுபது அடி தூரம் இருக்கும். அதைக்கூட நான் செய்யவில்லை.

அவளுக்கு இழுப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. மழைக்காலத்தில் ஜாஸ்தியாகும், வெயிலில் அடங்கிக் கிடக்கும். எழுபதுகளின் கடைசியில் நான் செகண்ட் ஹேண்டில் புல்லட் வாங்கிய பிறகு வெயில் காலத்திலும் வர ஆரம்பித்தது. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கி அலுத்துப்போய் வாங்கிய வண்டி அது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் உதைத்தால் புகைக்குழாயிலிருந்து நீலமாகக் குப்பென்று கிளம்பும். எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு மாட்டுவண்டி வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும். புகை போக இடமில்லாமல் எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழையும். என்னை வழியனுப்ப வாசலில் நிற்பவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். நான் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன்.

"புல்லட்ட தள்ளிக்கினு போனா தெருவே சிரிக்கும்டி," என்பேன். வாத்தியார் கௌரவம். அந்தக் கௌரவத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருந்த பாய் ஒரே உதையில் கண்டுபிடித்துவிட்டார். "வால்வு சீல் தேஞ்சிடுச்சு சார். நைட்டெல்லாம் ஆயில் சொட்டு சொட்டா உள்ள எறங்கி நிக்குது. காலைல ஒதைக்கும்போது அதான் எரியுது. அப்பால பொகை கம்மியாயிடும், பாருங்க. வேற கோளாறு இல்ல. வண்டிய விட்டுட்டுப் போங்க, போட்டுத் தர்றேன்."

"நானே போட்டுக்கறேன் பாய்," என்றேன். நான் அறிவியல் வாத்தியார். வருடம் தவறாமல் கரும்பலகையில் எஞ்சின் படம் போட்டு, வால்வு திறப்பதையும் மூடுவதையும் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவன். வால்வு சீல் என்பது சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒரு ரப்பர் தொப்பி. எஞ்சினுக்கு இரண்டே இரண்டு. இதற்குப் போய் ஆள் எதற்கு என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் அது கிடைக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸ் போனபோது வாங்கி வந்து மேசை டிராயரில் போட்டேன். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது.

"இன்னாங்க, அந்த சீலு?"

"தோ, இந்த ஞாயித்துக்கெழம."

"உங்க 'தோ'வுக்குத் தனியா ஒரு கோபுரமே கட்டலாம். இருக்கிறதெல்லாம் பத்தாது இந்த ஊருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. பூஜைக்கு முதல் நாள் காலையில் புழக்கடையில் சாக்கு விரித்து வண்டியைப் பிரித்தேன். டேங்கைக் கழற்றி, எஞ்சினின் தலைப்பாகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியை பாயிடம் இரவல் வாங்கியிருந்தேன். ஸ்பிரிங்கை அமுக்கினால், வால்வுத் தண்டைக் கவ்வியிருக்கும் இரண்டு சின்னப் பூட்டுத் துண்டுகள் கழன்று வரும். பிறகு வால்வை உருவிவிட்டுப் பழைய சீலைப் பிடுங்க வேண்டியதுதான். "மேல துணியப் போட்டு மூடிக்கினு எடுங்க சார்," என்று பாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அறிவியல் வாத்தியாருக்குத் துணி எதற்கு. கருவி வழுக்கியது. ஸ்பிரிங் துள்ளியது. ஒரு பூட்டுத் துண்டு எங்கேயோ தெறித்துப் போய்விட்டது. வேர்க்கடலைப் பருப்பில் பாதிதான் இருக்கும்.

மண்டியிட்டுத் தேடினேன். வெயில் உச்சிக்கு வந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எல்லாம் உன்னாலதான். உன் இழுப்பு இல்லனா நான் ஏன் இந்த வண்டிய தொடப்போறேன்?" என்று கத்தினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

அவள் துடைப்பத்தை எடுத்தாள். புழக்கடை முழுக்கப் பெருக்கினாள். பெருக்கிய மண்ணை முறத்தில் அள்ளி, அரிசியில் கல் பார்ப்பது மாதிரிப் புடைத்தாள். தூசி அவளைச் சுற்றி எழுந்தது. உள்ளே போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிணற்று மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில், "கெடச்சிடுச்சு," என்று உள்ளங்கையை நீட்டினாள். இமையெல்லாம் மண். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஒரு ஸ்பேனரையும் காணோம். எல்லாவற்றையும் துடைத்துக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தாள். என் பாடப் புத்தகங்கள், சாக்பீஸ் டப்பா, ஸ்பேனர்கள், எஞ்சின் தலை, இரண்டு வால்வுகள். ஒரு வெற்றிலையின் மேல் அந்த இரண்டு புது சீல்கள். ஒவ்வொன்றுக்கும் கடுகளவு சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"அரை நாள் வேலைடி. கொடு, முடிச்சிடறேன்."

"பூசைக்கு வெச்சத இன்னிக்குத் தொடக்கூடாதுங்க. நாளைக்கு விஜயதசமி, மொதக் காரியமா செய்ங்க. எட்டு மாசம் டிராயர்ல தூங்குச்சே, ஒரு நாள் சாமிகிட்ட தூங்கட்டும்." எனக்கும் சோம்பலாக இருந்தது. சுண்டலும் பொரியும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

விஜயதசமி அன்று விடிகிற நேரத்தில் அவளுக்கு இழுப்பு வந்தது. அதுவரை அப்படி நான் பார்த்ததில்லை. மாத்திரைக்கும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. புல்லட் இருந்தால் பெரியாஸ்பத்திரிக்கு ஐந்து நிமிடம். அது துண்டு துண்டாகச் சாமிக்கு முன்னால் இருந்தது. நான் தெருவில் ஓடினேன். மாலையும் பொட்டுமாக நின்ற வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரை எழுப்பிக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் முந்தைய நாள் உடைத்த பூசணிக்காய். அவர் ஒவ்வொன்றையும் விலகி விலகிப் பெடலை மிதித்தார். அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச மூச்சு இல்லை.

"ரெண்டு நாள்ல தூசு கீசு எதுனா பட்டுச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க," என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவளைக் காப்பாற்ற அது உதவியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் பொய் சொன்னேன், அவ்வளவுதான். உச்சிப் பொழுதுக்கு முன்னால் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகுதான் சாமி படத்துப் பக்கம் போனேன். வெற்றிலை சருகாகியிருந்தது. சீல்களின் மேல் குங்குமம் அப்படியே இருந்தது. குங்குமத்தோடு எஞ்சினில் போட முடியாது. பொடி உள்ளே போனால் வால்வுத் தண்டை அரித்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவினால் ரப்பர் ஊதிவிடும். விரலில் எஞ்சின் ஆயிலைத் தொட்டு நான்தான் துடைக்க வேண்டும். அவளைக் குளிப்பாட்டி நெற்றியில் காசளவு பொட்டு வைத்து அனுப்பியவன், அவள் வைத்த கடுகளவு பொட்டைத் துடைக்க முடியாமல் உட்கார்ந்து அழுதேன். பிறகு துடைத்தேன். இரண்டையும் துடைத்தேன்.

துணியைப் போட்டு மூடிக்கொண்டு, பாய் சொன்னபடியே ஸ்பிரிங்கை அமுக்கி, அவள் புடைத்தெடுத்த அந்தப் பூட்டுத் துண்டை வால்வில் மாட்டினேன். எல்லாம் சேர்த்து மொத்தம் மூன்று மணி நேர வேலை.

மறுநாள் காலையில் பாயை வரச் சொல்லி அவர் முன்னால் உதைத்தேன். அவர் புகைக்குழாய்க்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "சுத்தமா நின்னுடுச்சு சார். ஒரு பொட்டு பொகை இல்ல," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு மறுநாளிலிருந்து வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன். வண்டியை விற்கிற வரைக்கும் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒரு காலையில் கேட்டார்.

"இன்னா சார், டெய்லி தள்ளிக்கினு போறீங்க? வீட்டாண்ட ஸ்டார்ட் ஆவலியா?"

"ஆவுதுங்க," என்றேன்.