அய்யலூர் வழியில் பார்த்த நாய்கள்

காலை ஏழேகாலுக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். 1961, தை மாதம், வியாழக்கிழமை. கையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் பிரசவப் பை, அதற்குள் வேலை உத்தரவு. அய்யலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்ஸாகப் போகிறேன். வயது இருபத்திரண்டு. வழியனுப்ப யாரும் வரவில்லை. வருவதற்கு ஆளில்லை என்று சொல்வதுதான் சரி. திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் வளர்ந்தவள் நான். பிறந்த வீடு எதுவென்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

பிரசவம் பார்ப்பதில் எனக்குப் பயமில்லை. நாய் என்றால்தான் குலை நடுங்கும். எட்டு வயதில் விடுதி வாசலில் ஒரு சொறிநாய் கணுக்காலைக் கவ்வியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அன்றிலிருந்து உலகத்து நாய்களை இரண்டே ஜாதியாகப் பிரித்து வைத்திருந்தேன்: கட்டிப் போட்டது, கட்டிப் போடாதது. பயிற்சிக் காலத்தில் திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் வீட்டு அல்சேஷன் முதல் ஜாதி. அது சங்கிலி நீளத்துக்கும் எம்பிக் குரைக்கும். நான் எதிர்ப்பக்கச் சாக்கடையை ஒட்டிப் பூனை நடை நடப்பேன். கிராமங்களில் எல்லாமே இரண்டாம் ஜாதி என்று தோழிகள் கேலி செய்து அனுப்பியிருந்தார்கள்.

அய்யலூருக்குப் பதினான்கு மைல், டிக்கெட் நாற்பது நயா பைசா. சந்தை நாளாதலால் பஸ்ஸுக்குள் மனிதர்களும் கூரைமேல் ஆடுகளுமாகப் போனோம். எட்டு மணிக்கு வடமதுரையில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. டீக்கடை பெஞ்சுக்கடியில் பால் வெள்ளையில் ஒரு நாய், மூக்கு மட்டும் ரோஜா நிறம். கன்றுக்குட்டி உயரம் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்டு வியாபாரியிடம் ஜன்னல் வழியாகவே கேட்டேன்.

“ஐயா, அது கடிக்குமா?”

“இறங்கிப் பாத்தாத்தானம்மா தெரியும்,” என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து எழுந்து ஜன்னலோரம் வந்தார். “ராசபாளையம்மா. இதுக்குக் காது கேக்காது. சத்தம் போட்டு விரட்டுனா ஒண்ணும் நடக்காது. நம்ம பாட்டுக்குப் போனா, அது பாட்டுக்குக் கெடக்கும்.”

நாய்க்குள்ளும் செவிடு உண்டு, ஊர்ப் பெயர் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எட்டே முக்காலுக்கு அய்யலூர். சந்தை முழுக்க ஆட்டுச் சத்தம், புழுக்கை வாசம், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் ஆட்கள். பெட்டியை இறக்கி வைத்து இடுப்பை நிமிர்த்துவதற்குள் ஒருவர் ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் சாட்டை. பெயர் பெருமாள் என்று பிறகு தெரிந்தது.

“நீங்கதேன் புது நர்ஸம்மாவா? எந்தம்பி பொண்டாட்டிக்கு விடியக்காலமே வலி கண்டுருச்சும்மா. தலைப்பிரசவம். புள்ள இறங்க மாட்டேங்குதுன்னு எங்காத்தா அழுகுது. வண்டி நிக்கிது, ஏறுங்க.”

ஆபீசில் கையெழுத்துப் போடாமலே வண்டியில் ஏறினேன். குஜிலியம்பாறைப் பக்கமாக நாலு மைல். இரண்டு புறமும் அறுத்து முடித்த சோளக்காடு, இடையிடையே பனை. மாடுகளை விரட்டிக்கொண்டே பெருமாள் பேசினார். பேச்செல்லாம் நாய்ப் பேச்சு. ஒரு காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ஆட்டு நிறத்திலேயே ஒரு நாய் எழுந்து வண்டியோடு நூறடி ஓடிவந்து, சட்டென்று நின்று திரும்பிப் போயிற்று.

“கிடை நாய்ம்மா. அதோட எல்லை அம்புட்டுத்தேன். தாண்டுனா நம்மள மறந்துரும்.”

அடுத்து ஒரு தென்னந்தோப்பு வாசலில் செம்பட்டை நிறம், கரிய வாய். “இது கோம்பை. குரைக்கிற மட்டும் பயமில்ல. குரைக்கிறத நிறுத்திருச்சுன்னா நாம நின்றணும்.” அது குரைத்துக்கொண்டேதான் இருந்தது. அந்தக் குரைப்பு எனக்கு அன்று தேவாரம் போல இருந்தது.

நாலாவது மைலில்தான் மனுஷர் விஷயத்துக்கு வந்தார். தம்பி மனைவி செண்பகம் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கல்யாணத்தில் சீர்வரிசையோடு கன்னி என்ற ஜாதியில் ஒரு வேட்டை நாயும் வந்தது, மைனா என்று பெயர். அந்த ஊர்ப் பக்கம் சிலர் கன்னியை விற்க மாட்டார்களாம். பெண்ணோடு சீராகத்தான் அனுப்புவார்கள். சீராக வந்த நாய்மேல் புகுந்த வீட்டார் கயிறு போடக்கூடாது, கம்பு ஓங்கக்கூடாது. ஓங்கினால் அந்தப் பெண்மேல் ஓங்கிய மாதிரி. இப்போது அது அறை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு மாமியாரைத் தவிர யாரையும் விடவில்லை. ஊர் மருத்துவச்சியின் முந்தானையைக் கிழித்து அனுப்பிவிட்டது.

இவர் எதற்கு வழி நெடுக நாய்ப் பாடம் நடத்தினார் என்பது அப்போதுதான் விளங்கியது. வண்டியிலிருந்து குதித்து ஓடிவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன்.

பத்தேகாலுக்கு வீடு. முற்றத்தில் செண்பகத்தின் புருஷன் கம்போடு நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கம்பைத் தரையில் ஊன்றியிருந்தானே தவிர, தூக்கவில்லை. வாசற்படியில் மைனா. கருநிறம், கன்னத்திலும் காலிலும் பழுப்பு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம். என்னைப் பார்த்து எழுந்தது. குரைக்கவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் முனகல் கேட்டது. நேரமாகிவிட்ட முனகல் அது.

“அதைக் கட்டுங்க,” என்றேன்.

“எப்புடிம்மா கட்டுறது? அவ சீரும்மா அது,” என்றான் அவன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்குக் கோபம் பொங்கியது. அப்போது உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது.

“அத்தே... நேத்து உடுத்துன என் சேலையக் குடுங்க. அந்தம்மாவப் போத்திக்கிறச் சொல்லுங்க.”

மாமியார் ஜன்னல் வழியாகச் சேலையை வீசினாள். அதை என் வெள்ளைச் சேலைமேல் போர்த்திக்கொண்டேன். கால்கள் நகரவில்லை, அதனால் நடக்காமல் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே படியை நோக்கி நகர்ந்தேன். மைனா சேலை முனையை முகர்ந்தது, என் தோளை முகர்ந்தது, பிரசவப் பையின் டெட்டால் வாடைக்குத் தலையை இழுத்துக்கொண்டது. மறுபடி சேலைக்கு வந்தது. ஈர மூக்கு என் உள்ளங்கையில் பட்டபோது கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்தால் வாசல் காலியாக இருந்தது. மைனா எனக்கு முன்னால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

குழந்தை கால் முன்னால் வந்தது. எழுதிப் படித்திருந்தேனே ஒழியத் தனியாக எடுத்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டடிக்கக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்தேன். முதலில் அழவில்லை, முதுகில் தட்டித் தட்டி, பிறகுதான் வீறிட்டது. பெண். அந்த ஒன்றரை மணி நேரமும் மைனா கட்டிலடியில் கிடந்தது. நான் எழுந்ததும் அதுவும் எழுந்து, வண்டி வரைக்கும் என்னோடு வந்து நின்றது. செண்பகம் பிழைத்தாள் என்பதை நினைத்து நான் வழியெல்லாம் அழுதேன்.

அந்த வட்டாரத்தில் நாலு வருஷம் இருந்தேன். வீடு வீடாகப் போன வேலை, வாசல் வாசலாக நாய். எந்தக் கோம்பை வாய்ச்சவடால், எந்த ராஜபாளையத்துக்கு வலக்கண் தெரியாது என்பதெல்லாம் அத்துப்படியாயிற்று. ஊருக்குள் எனக்கு முன்னால் என் வாடையே போய்ச் சேர்ந்துவிடும் போல. இப்போது நான் இருக்கும் மாடி வீட்டுக் குடியிருப்பில் நாய்களுக்குக் கம்பளிச் சட்டை மாட்டி லிப்டில் இறக்குகிறார்கள். நல்ல நாய்கள்தான். ஆனால் என்னை யாரென்று ஒன்றும் விசாரிப்பதில்லை. அய்யலூர் மண்பாதையில் என்னை விசாரித்த அந்த மூக்குகளை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

1965-இல் மாற்றல் வந்தது. காலை பத்து மணி பஸ்ஸுக்கு அய்யலூரில் அதே தகரப் பெட்டியோடு நின்றேன். பெருமாள் வண்டி வந்து நின்றது. செண்பகம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். இன்னொரு கையில் ஓலைக்கூடை, உள்ளே கருப்பாக ஒரு குட்டி. மைனாவின் ஈற்று.

“எவ்வளவு தரணும் செண்பகம்?” என்று கேட்டுவிட்டேன். நாலு வருஷம் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

அவள் முகம் சிவந்தது. “இத விக்க மாட்டோம்னு தெரியாதாக்கா? வீட்டுப் பொண்ணு ஊரு விட்டுப் போறப்பக் குடுக்குறது.”

“எனக்கென்ன கல்யாணமா?”

“ஊரு விட்டுப் போறீகள்ல?” என்று கூடையை என் கையில் திணித்தாள். குழந்தை குட்டியைத் திருப்பிக் கேட்டு அழுதது.

பஸ் புறப்பட்டதும் கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார். “நாயெல்லாம் ஏத்தக் கூடாதும்மா. சொந்தமா வாங்குனதா?”

“இல்லை,” என்றேன். “என் பிறந்த வீட்டுச் சீர்.”

அவர் என்னை ஜன்னலோரமாகத் தள்ளி உட்காரச் சொன்னார், குட்டிக்குக் காற்று வேண்டுமென்று.