கேட்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவே

அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில், விபத்துக்கு இழப்பீடு கேட்பவர்கள் அனுப்பும் படங்களைச் சோதிப்பது அவள் வேலை. நசுங்கின கதவு, உடைந்த விளக்கு எல்லாம் மற்றவர்கள் கண்ணுக்கு. அவளோ படத்தை ஒரு மென்பொருளில் போட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் விவரத்தை உருவி எடுப்பாள்: எந்த நாள், எத்தனை மணி, எந்த போன், எந்த இடம். போன வாரம் மோதியதாகச் சொன்ன கார், போன வருஷமே மோதிவிட்டு வந்து நிற்கும். தேதி பொய் என்றால் அத்துடன் கதை முடிந்தது. மேற்கொண்டு எதையும் பார்க்காமல் கோப்பை மூடிவிடுவது அந்த மேசையின் வழக்கம். அவள் துளியும் அலட்டிக்கொள்ளாமல் மூடுவாள்.

இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு பொய் சொல்ல அசாத்தியத் தைரியம் வேண்டும். அவள் கணவருக்கு அது இருந்தது. அவர் தையல்காரர். உட்கார்ந்தால் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். இதயக் குழாயில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதே அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. மீதி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டாள். அவள் வேலைக்குக் கிளம்பியதும் அவர் பூங்காவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து தன்னைத் தானே ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

படம் தினமும் தவறாமல் வந்தது. நாளுக்கொரு சட்டை, அதே அசட்டுச் சிரிப்பு. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் உள்விவரமெல்லாம் உரிந்துபோயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் நம்பினாள். கட்டின புருஷனைப் போய் யாராவது மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்களா?

போட வைத்தவர் அவரேதான். போனில் இடமில்லை, படங்களை உன் ஆபீஸ் லேப்டாப்புக்கு மாற்றிக் கொடு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை நீட்டினார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். கைப்பழக்கத்தில் அவள் ஒரு படத்தின் விவரத்தைத் திறந்தாள். பிறகு அடுத்ததை. எல்லாமே இரண்டு வாரத்துக்கு முன் ஒரே காலையில் எடுத்தவை. மனுஷன் பை நிறையச் சட்டைகளைத் தூக்கிப்போய், மாற்றி மாற்றிப் போட்டுப் படமெடுத்து, தினமும் ஒன்றாக அனுப்பியிருக்கிறார். அதில் பாதி, தைக்க வந்த வாடிக்கையாளர்களின் சட்டைகள்.

"தினமும் நடந்தீங்களா?"

"நடக்காம? குளத்தைச் சுத்தி வரேனே!"

"அப்ப இந்தச் சட்டைக்குப் பட்டன் எங்க?"

தையல்காரர் குனிந்து திரையைப் பார்த்தார். "காத்தாட இருக்கட்டும்னு..." என்று இழுத்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு விளையாடுகிறாரே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்படியோ போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோப்பு மூடப்பட்டது.

மறுநாள் பக்கத்து மேசைக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். "காட்டுங்கக்கா, மாமா எங்கெங்க நின்னு போஸ் குடுத்திருக்காருன்னு பாப்போம்."

படங்களை வரைபடத்தில் போட்டார்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே பெஞ்சைச் சுற்றி ஈ மொய்த்ததுபோல் கிடந்தன. குளத்துப் பக்கம் ஒன்றுகூட இல்லை. "சரியான சோம்பேறி மாமா!" என்றாள் பக்கத்து மேசைக்காரி. ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக, பூங்கா கேட்டில் இருந்தது. அந்தப் படத்திலும், பெஞ்சில் எடுத்த முதல் படத்திலும் அதே நீலச் சட்டை. கேட்டிலிருந்து பெஞ்ச் கூப்பிடு தூரம்தான். ஆனால் இரண்டு படத்துக்கும் நடுவே கால் மணி நேரம் ஓடியிருந்தது. சட்டையும் மாற்றவில்லை. அவ்வளவு நேரம் அங்கே என்ன செய்தார்?

பெஞ்சில் எடுத்த அந்த முதல் படத்தைப் பெரிதாக்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை. அசட்டுச் சிரிப்பு என்று அவள் நினைத்தது சிரிப்பே இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே அவருடைய தையல் கடைக்குப் போனாள்.

"கேட்லேர்ந்து பெஞ்சுக்குப் போக ஏன் அவ்ளோ நேரமாச்சு?"

மெஷின் நின்றது. "அதுகூடவா தெரியும் அதுல?"

"சொல்லுங்க."

"மூச்சு வாங்குச்சு. நாலு அடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு போனேன். அதுக்கு மேல முடியல." கையிலிருந்த துணியை மடித்ததையே மடித்துக்கொண்டிருந்தார். "சொன்னா மறுபடியும் அந்த வராந்தாவுல போய் உக்காருவ. அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேனே, இன்னொரு தடவை என்னால அதைப் பாக்க முடியாது."

அவரைத் திட்டிக்கொண்டே அழுதாள். தேதியோடு நிறுத்திக்கொண்ட தன்னையும் சேர்த்துத்தான் திட்டினாள்.

எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். "இப்பதான் டாக்டர், ரெண்டு நாளா..." என்று ஆரம்பித்தார் தையல்காரர். திருந்துகிற ஆளா அவர்? அவள் போனை டாக்டர் பக்கம் நகர்த்தினாள். "ரெண்டு வாரம், டாக்டர். தேதி இருக்கு." இன்னொரு குழாயும் அடைத்துக்கொண்டு வந்திருந்தது. நல்ல வேளை வந்தீர்கள் என்றார் டாக்டர். அவள் மறுபடியும் வராந்தாவில் உட்கார்ந்தாள். இந்த முறை முகத்தை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டாள்.

அவர் தேறிய பிறகு, அவள் மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டு கூடவே நடக்க ஆரம்பித்தாள். தினமும் இருவரும் சேர்ந்து கேட்டில் ஒரு படம், குளக்கரையில் ஒரு படம். அலுவலகம் போனதும் இரண்டையும் மென்பொருளில் போட்டுவிடுவாள்.

"அக்கா, பக்கத்துல நீங்களேதான நிக்கிறீங்க? இதையுமா சந்தேகப்படுவீங்க?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"தேதியை யாருடி பாத்தா? ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்குறேன்."

நேற்றைவிடக் குறைந்திருந்தது.