கன்னத்து ஸ்விட்சும் கட்டில் பிளக்கும்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எங்காவது லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடுவான். வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் 'கரண்ட்டு'. ஓய்வு பெற்றும் சும்மா இருக்க முடியாமல், நான் வேலை பார்க்கும் முதியோர் காப்பகத்துக்கு ஓர் அழைப்புமணிப் பலகை செய்து கொடுத்தான். படுத்திருப்பவர் ஸ்விட்சை அழுத்தினால் எங்கள் மேசையில் பலகையில் அவருடைய கட்டிலுக்கான விளக்கு எரிந்து மணி அடிக்கும்.

அது இரண்டு முறை கருகியது. இன்னொரு முறை கருகினால் எல்லாருக்கும் கைமணிதான் என்றார் மேனேஜர் அம்மா. மற்றவர்களுக்குச் சரி. ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் பழைய பஸ் கண்டக்டருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. கன்னத்தால் அழுத்தும் ஸ்விட்ச் வைத்திருக்கிறோம். சளி அடைத்துக்கொண்டால் அவருக்குக் குரலும் வராது.

தம்பி பலகையை முகர்ந்து பார்த்தான்.

"அஞ்சு வோல்ட் வாங்குற இடத்துல இருபத்திநாலு ஏறியிருக்குக்கா. எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான் தெரியல."

விரிப்பு மாற்றும் நேரத்தில் நான் கட்டிலருகே நின்று பார்த்தேன். கட்டிலைத் தூக்கி இறக்கும் மோட்டாருக்கு இருபத்திநாலு வோல்ட் கரண்ட் கொண்டுவரும் பிளக்கும் மணி பிளக்கும் ஒரே அச்சு. விரிப்பு மாற்ற வந்த பணிப்பெண்கள் இரண்டையும் பிடுங்கி, ஆளைப் புரட்டி, விரிப்பை மாற்றிவிட்டு, கைக்கு வந்த பிளக்கைத் தலைமாட்டில் கைக்கு வந்த துளையில் சொருகினார்கள்.

"கிடைச்சுருச்சுடா!" என்று ஓடினேன். என் மூட்டுவலி அன்று எங்கே போனதோ.

"மணி பிளக்கை வெட்டி வேற போடவா?" என்றான் தம்பி.

"கழுவுற ஸ்விட்ச் அது. வயரை வெட்டினா உள்ள தண்ணி இறங்கும்."

"அப்ப சிவப்புப் பெயின்ட் அடிச்சுடலாம்."

"ஒரு கையில ஆளைத் தாங்கிக்கிட்டு மறு கையால சொருகுறவ பெயின்ட்டையா பாப்பா? தப்பு நடக்கும்னு வச்சுக்கிட்டே செய்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? சரி, விடு."

புதுப் பலகையில், ஒவ்வொரு ஸ்விட்ச் வயரும் நுழையும் இடத்தில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு ஜீனர் டயோடும் வைத்தான். முதலாவது, கரண்ட்டைப் பாய விடாமல் இழுத்துப் பிடிக்கும். அடுத்தது, வோல்டேஜ் ஐந்தைத் தாண்டப் பார்த்தால் மிச்சத்தை வடித்துவிடும்.

மேனேஜர் அம்மா கைமணியோடு வந்து நின்றார். தம்பி வேண்டுமென்றே கண்டக்டர் கட்டிலின் மோட்டார் பிளக்கை மணித் துளையில் சொருகினான். விளக்கு எரிந்தது. மணி விடாமல் அலறியது. எல்லாரும் மூக்கை உறிஞ்சினோம். கருகல் வாடை இல்லை. பிளக்கைப் பிடுங்கியதும் மணி நின்றது.

"செத்துப்போச்சா?" என்றார் மேனேஜர் அம்மா.

தம்பி சரியான பிளக்கைச் சொருகினான். கண்டக்டர் மெல்ல முகத்தைத் திருப்பி ஸ்விட்சில் கன்னத்தை வைத்தார்.

டிங். உடனே இன்னொரு டிங்.

"ரெண்டு மணி அடிச்சாச்சு, வண்டியை எடுங்கப்பா," என்றார் அவர்.

பெண்கள் கைதட்டினார்கள். தம்பி என் தோளைப் பிடித்து உலுக்கினான். அந்த ஆரவாரத்தில் மூன்றாவது மணி யார் காதிலும் விழவில்லை. விளக்கைப் பார்த்துத்தான் போனேன்.

"என்ன வேணும்?"

"முதுகு அரிக்குதும்மா. இவ்வளவு நேரம் அதுக்குத்தான் அடிக்கிறேன்."