சத்தம் போடாத அலமாரி

மதுரத்தின் வீட்டுத் தேக்கு அலமாரியை அடித்துச் சாத்தினால் கும்பகோணத்தில் மாடு மிரளும். சரி, கும்பகோணம் கொஞ்சம் அதிகம்தான். கொல்லையில் கட்டிய மாடு மிரளும். அலமாரிக்குப் பூட்டுக் கிடையாது. சத்தமே பூட்டு.

உள்ளே ஒரு குத்தகைச் சீட்டு இருந்தது, அந்த வீட்டு நிலத்தை உழும் காத்தாயியின் செத்துப்போன புருஷன் கைநாட்டு வைத்தது. குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சர்க்கார் ஆபீசர் வெள்ளிக்கிழமை வருவதாகத் தண்டோரா போட்டாகிவிட்டது. அன்றிலிருந்து மதுரத்தின் கணவர் வாஞ்சிநாதன் அலமாரிக்கு எதிரே சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. காத்தாயி வெறும் கூலிக்காரி என்று சொல்லிவிடுவதாக உத்தேசம். சொன்னால் அவளுடைய மூன்று மா நிலமும் போகும்.

கொல்லைப்பக்கம் வந்த காத்தாயி, "அந்தக் காயிதத்த மட்டும் எடுத்துக் குடுத்துருங்கம்மா" என்றாள். அதற்குப் பிறகு மதுரத்துக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், பெருக்கின இடத்தையே பெருக்கினாள்.

"ஏன்னா, அடிச்சு அடிச்சு அலமாரிக் கண்ணாடி விரிசல் விட்டுடுத்து. மூலையிலே ஏதாவது ஒட்டறேனே?"

"ஒட்டேன். அப்படியாவது உன் கை ஒரு இடத்துலே நிக்கட்டும்."

அவர் பார்க்கப் பார்க்கவே கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டாள். கிறீச்சல் அடங்கியது. சைக்கிள் டியூபை நறுக்கி ஒட்டினாள். தடிமன் தாங்காமல் கதவு எகிறியது. பிய்த்தெறிந்துவிட்டு, பழைய கம்பளியில் காலணா அளவு வட்டங்கள் வெட்டி, வஜ்ஜிரப் பசையில் ஒட்டினாள்.

வியாழன் மத்தியானம் அவர் குறட்டை விட்டார். கதவு மூச்சுக்கூட விடவில்லை. சீட்டை எடுத்து இடுப்பில் செருகினாள். பூனைக்குட்டியைத் தொடுவதுபோலச் சாத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

அங்கேதான் பிசகினாள். அடித்துச் சாத்தினால்தான் அந்தக் கதவுக்குத் தாழ் விழும். மெத்தென்ற கம்பளி கதவைப் பின்னுக்குத் தள்ள, அது ஆடி அசைந்து திறந்துகொண்டது. கண் விழித்த வாஞ்சிநாதன் நேரே அடுக்களைக்கு வந்தார்.

"குடுடி."

சீட்டு அடுப்பில் எரிந்தது. அன்று முழுக்க மதுரம் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தாள்.

வெள்ளிக்கிழமை, வாசல் பந்தலில் ஆபீசர் காத்தாயியைக் காட்டிக் கேட்டார்: "இந்தம்மா யாருங்க?"

"அன்னாடக் கூலி சார்" என்றார் வாஞ்சிநாதன்.

மோர்ச் செம்போடு வந்த மதுரம் செம்பை ஆபீசரின் காகிதத்தின் மேலேயே வைத்தாள். "கூலி இல்லே, குத்தகை. சீட்டை நேத்திக்கு இவர் அடுப்புலே போட்டார். பத்து வருஷமா இவதான் எங்காத்துக்கு நெல் அளக்கறா."

ஆபீசர் பேனாவை எடுத்தார். "பத்து வருஷமா?"

பந்தலின் ஓரத்தில் நின்ற காத்தாயி கட்டிய கையை அவிழ்த்தாள்.

"பன்னெண்டுங்க."